துப்பாக்கியின் விலையும் பயிர்க்காவலின் பொறுப்பும்

2022 மே மாதம் பாலக்காடு முட்டிக்குளங்கரை ஆயுதப்படை முகாமை ஒட்டிய வயலில் காவலர்கள் இருவரின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. காட்டுப்பன்றிக்கு வைத்த மின்கம்பி அவர்களின் உயிரைக் குடித்திருந்தது. 2023 செப்டம்பரில் அதே மாவட்டத்தின் கரிங்கரப்புள்ளியில், வயலில் புதைக்கப்பட்டிருந்த இளைஞர்கள் இருவரின் உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. அவர்களும் பன்றிக்காக இழுக்கப்பட்ட மின்கம்பியில் சிக்கி மாண்டவர்களே. அதற்கு முன், 2020 மே 27 அன்று, மண்ணார்க்காடு வனக்கோட்டத்தின் திருவிழாம்குன்றுப் பகுதியில் கருவுற்றிருந்த யானை ஒன்று, வெடிமருந்து வைத்த காயைக் கடித்து வாய் சிதைந்து, வெள்ளியாற்று நீரில் நின்றபடியே உயிர்விட்டது. பாஜக தலைவர் மேனகா காந்தி அந்தச் சாவை மலப்புரம் மாவட்டத்தின் மீது ஏற்றிப் பேசினார். அதைத் தொட்டு நாடெங்கும் ஒரு வெறுப்புப் பிரச்சாரமே நடந்தது. ஆனால் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு விவசாயி ஏன் காய்க்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கிறான்? ஏன் தன் வயலைச் சுற்றி மரணக் கம்பியை இழுக்கிறான்?

இந்தக் கேள்விக்கு எல்லைப் பகுதிகளில் பலரும் ஒரே வார்த்தையில் விடை சொல்கிறார்கள்: துப்பாக்கி இல்லை. வட்டவடையிலும் காந்தளூரிலும் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளைவிக்கும் தமிழ் விவசாயிகள், கொழிஞ்சாம்பாறை, முதலமடைப் பகுதிகளின் சிறு விவசாயிகள், அட்டப்பாடியின் பழங்குடி மக்கள் என எல்லோரும் இரவில் தகரம் தட்டியும் தீ மூட்டியும் பயிரைக் காக்கிறார்கள். அவர்களிடம் பேசினால், “உரிமம் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் துப்பாக்கி வாங்கும் விலையில் இல்லை” என்பார்கள். ஆகவே விவசாயிக்கு நியாயமான விலையில் துப்பாக்கி வேண்டும் என்ற கோரிக்கை பிறக்கிறது. நமது தோழர்களில் சிலரும் இதை ஆதரித்துப் பேசுகின்றனர்.

கோரிக்கைக்குப் பின்னுள்ள வேதனை உண்மையானது. ஆனால் கோரிக்கை சரியானதுதானா? துப்பாக்கி வாங்குவோருக்கு நியாய விலை என்ற ஒன்று இருக்க முடியுமா? இதைப் பரிசீலிக்காமல் முழக்கத்தை மட்டும் கையில் எடுத்தால், நாம் யாருடைய கோரிக்கையைச் சுமக்கிறோம் என்பதே நமக்குத் தெரியாமல் போகும்.

சந்தையும் நியாய விலையும்

அமெரிக்காவில் துப்பாக்கிச் சந்தைகள் வார இறுதிகளில் பெரிய அரங்குகளில் நடக்கின்றன. மேசை வாடகை கொடுத்து வணிகர்கள் கைத்துப்பாக்கி முதல் நீள்துப்பாக்கி வரை பரப்பி வைக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் செலுத்தி மக்கள் உள்ளே செல்கிறார்கள். உரிமம் பெற்ற வணிகர், வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்த்தே விற்க வேண்டும் என்பது 1993-ஆம் ஆண்டின் பிரேடி சட்டம். ஆனால் உரிமம் இல்லாத தனிநபர் தன் கைவசமுள்ள துப்பாக்கியை விற்கும்போது அந்தச் சோதனையைக் கூட்டாட்சிச் சட்டம் அவர்மீது சுமத்தவில்லை. பல மாநிலங்களில் இந்த ஓட்டை இன்றும் திறந்தே இருக்கிறது. அங்கு வாங்குபவர் கேட்கும் கேள்வி, கடை விலையைவிட இங்கே மலிவா என்பது. பள்ளிக்கூடங்களில் குழந்தைகள் சுட்டுக் கொல்லப்படும் ஒரு நாட்டில் துப்பாக்கியின் விலையைப் பற்றிய உரையாடல் இவ்வளவில் நின்றுவிடுகிறது.

அந்தச் சந்தை நமக்கு முன்மாதிரி அல்ல. ஆயினும் அதிலிருந்து ஒரு பாடம் உண்டு. நியாய விலை என்ற பேச்சு எழ வேண்டுமானால், வாங்குபவருக்கு இரண்டு சுதந்திரங்கள் வேண்டும். பல கடைகளின் விலையை ஒப்பிட்டுப் பார்க்கும் சுதந்திரம் ஒன்று. விலை பிடிக்காவிட்டால் வெறுங்கையுடன் திரும்பிவிடும் சுதந்திரம் மற்றொன்று. அமெரிக்கச் சந்தைக்குப் பொழுதுபோக்காகச் செல்பவருக்கு இரண்டும் உண்டு. வட்டவடை விவசாயிக்கு இரண்டுமே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவருக்குச் சந்தை இல்லை. அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது பன்றிக்கூட்டம் இறங்கினால், வெறுங்கையுடன் திரும்புவதற்கு அவருக்கு மனமும் வராது. தேவை கழுத்தை நெரிக்கும் இடத்தில் விற்பவர் சொல்வதே விலை. கந்துவட்டிக்காரனிடம் செல்லும் விவசாயிக்கும் இதே நிலைதான் என்பதை நாம் அறிவோம்.

கட்டுப்பாடு சரி, சுமை யார்மீது?

இந்தியாவில் துப்பாக்கி விற்பனை கடுமையான கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் ஆகியவற்றின்படி உரிமம் இன்றி எவரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. 1980-களின் நடுப்பகுதியிலிருந்து சாதாரணக் குடிமக்கள் வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்ய வழியில்லை. கான்பூரின் சிறு ஆயுதத் தொழிற்சாலை, மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை போன்ற அரசுத் தொழிற்சாலைகளும், பீகாரின் முங்கேர், ஜம்மு ஆகிய இடங்களின் உரிமம் பெற்ற சிறு பட்டறைகளுமே நெடுங்காலம் உள்நாட்டுத் தேவையை நிறைவு செய்து வந்தன. வரத்து குறைவு, தேவை நிரந்தரம் என்ற நிலையில் விலை உயர்ந்தே நிற்கும். பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகள் கைமாறும்போது அவற்றின் தரத்துக்குத் தொடர்பே இல்லாத விலை போவதற்கும் இதுவே காரணம்.

இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்து என்று நாம் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. சாதி ஆணவமும் மதவெறியும் தலைவிரித்தாடும் நாட்டில் துப்பாக்கி மலிவாகக் கிடைத்தால் முதல் குண்டு யார்மீது பாயும் என்பதை உழைக்கும் மக்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. துப்பாக்கி அரிதாக இருப்பது நல்லது.

ஆனால் இங்கேதான் முரண்பாடு பிறக்கிறது. துப்பாக்கியை அரிதாக வைத்திருக்கும் அரசு, பயிரைக் காக்கும் பொறுப்பை மட்டும் துப்பாக்கி வைத்திருக்கும் தனிநபரிடம் விட்டுவிடுகிறது. அப்படியானால் துப்பாக்கி வாங்க முடியாதவர் என்ன செய்வார்? அவருக்குக் கைக்கெட்டிய மலிவான ஆயுதங்கள் மூன்றே: சுருக்குக் கம்பி, அவுட்டுக்காய், மின்கம்பி. முட்டிக்குளங்கரையிலும் கரிங்கரப்புள்ளியிலும் திருவிழாம்குன்றிலும் நாம் கண்டது, சந்தைக்குள் நுழைய முடியாதவர்களின் ஆயுதங்கள் செய்த கொலைகளை.

யாருக்காகச் செய்யப்பட்ட துப்பாக்கி?

2014 ஜனவரியில் அரசு ஆயுதத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்ற பெயரில் சுழல் துப்பாக்கி ஒன்றை வெளியிட்டது. 2012 டில்லிக் கொடுமைக்குப் பின், பெண்களின் தற்காப்புக்கானது என விளம்பரப்படுத்தப்பட்ட அதன் விலை 1,22,360 ரூபாய். இரவுப் பேருந்தில் வேலைக்குச் சென்று திரும்பும் பெண் இதை வாங்க முடியுமா என்று அன்றே பலரும் கேட்டனர். 2025-26-ஆம் ஆண்டில் கேரளத்தில் நூறுநாள் வேலைத் திட்டத்தின் தினக்கூலி 369 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து, ஒரு ரூபாயும் செலவழிக்காமல் மூன்று ஆண்டுகள் சேர்த்தாலும் 1,10,700 ரூபாய்தான் வரும். பதினோரு ஆண்டுகளுக்கு முந்தைய விலையைக்கூட இந்தக் கூலியால் எட்ட முடியவில்லை.

பயிரைக் காக்கச் சுழல் துப்பாக்கி உதவாது என்பது உண்மை. விவசாயிக்குத் தேவை நீண்ட குழல் கொண்ட பன்னிரண்டு போர் துப்பாக்கி. எனினும் நிர்பீக் ஒன்றைத் தெளிவாகக் காட்டியது. பாதுகாப்பு என்பது குடிமக்களின் உரிமை என்ற நிலையிலிருந்து, பணம் உள்ளவர் வாங்கிக்கொள்ளும் சரக்கு என்ற நிலைக்கு அரசின் சிந்தனை நகர்ந்துவிட்டது.

அந்த நகர்வு பின்னர் தொழிற்சாலைகளையே விழுங்கியது. 2021 அக்டோபர் 1 அன்று மோடி அரசு 41 ஆயுதத் தொழிற்சாலைகளைக் கலைத்து ஏழு நிறுவனங்களாக்கியது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் ஒன்றின் கீழும், நீலகிரி அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலை வேறொரு நிறுவனத்தின் கீழும் சென்றன. தொழிலாளர்கள் எதிர்த்துப் போராட முன்வந்தபோது, அத்தியாவசியப் பாதுகாப்புப் பணிகள் சட்டம் கொண்டு வேலைநிறுத்த உரிமையே பறிக்கப்பட்டது. அரசுத் துறையாக இருந்தபோது, துப்பாக்கியின் விலை என்ன, ஏன் அந்த விலை என்று நாடாளுமன்றம் நேரடியாகக் கேட்க இயன்றது. லாபக் கணக்குக் காட்ட வேண்டிய நிறுவனமாக மாறிய பின், ஒரு சிறு விவசாயிக்கு அடக்க விலையில் துப்பாக்கி தர அதற்கு என்ன கட்டாயம் இருக்கிறது?

உரிமத்தின் விலை

கடையில் சொல்லப்படும் விலை மொத்த விலையில் ஒரு பகுதியே. உரிமம் கேட்பவர் விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறை அறிக்கை வர வேண்டும். மருத்துவச் சான்று வேண்டும். துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று வேண்டும். பத்திரமாகப் பூட்டி வைக்க இடம் உண்டு என்ற உறுதி வேண்டும். இவை ஒவ்வொன்றும் தேவையானவைதாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி போகிறது. வட்டவடையிலிருந்து மாவட்டத் தலைநகரான பைனாவுக்குச் சென்று திரும்ப ஒரு பகல் போதாது. அட்டப்பாடி ஊர்களிலிருந்து பாலக்காட்டுக்கு மலைப்பாதையில் இறங்கி ஏற வேண்டும். தேர்தல் அறிவிக்கப்பட்டால் உரிமம் உள்ள துப்பாக்கிகளைப் பெரும்பாலும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். தேர்தல் முடியும்வரை பன்றி காத்திருப்பதில்லை.

ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு பயிர்க்காவலை அறிந்தே எழுதப்பட்டது. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காகக் கரிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்றும், அது போதாது எனக் கருதினால் வேறு வகைத் துப்பாக்கிக்கும் தரலாம் என்றும் அது கூறுகிறது. அப்படியிருந்தும் ஏழை விவசாயி ஏன் வெளியே நிற்கிறார்? பயிர் தன்னுடையது என்று அவர் காகிதத்தில் காட்ட வேண்டும். கேரளத்தின் நிலச்சீர்திருத்தம் 1970-இல் குத்தகை முறையை ஒழித்தது. அது நம் இயக்கத்தின் மகத்தான சாதனை. ஆனால் இன்று வாய்மொழிக் குத்தகைக்கு நிலம் எடுத்து வாழையும் காய்கறியும் பயிரிடுவோர், குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் உட்பட, எந்த ஆவணத்திலும் இல்லை. பயிர் அழிந்தால் இழப்பீடு கேட்கவும் காகிதம் இல்லை, காக்கத் துப்பாக்கி கேட்கவும் காகிதம் இல்லை. உடும்பன்சோலை, தேவிகுளம் தாலுகாக்களில் பட்டயம் கிடைக்காத குடும்பங்களின் நிலையும் இதுவே. ஆகவே துப்பாக்கியின் விலையை நாளை பாதியாகக் குறைத்தாலும், அதை வாங்கும் தகுதி யாருக்கு இருக்கும்? பட்டயமும் பணமும் செல்வாக்கும் உள்ளவருக்கே இருக்கும்.

மலைகளில் துப்பாக்கி யாருடையது?

இதற்கு வரலாறும் சாட்சி சொல்கிறது. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்களை நிராயுதபாணிகளாக்கியது. ஐரோப்பியர்களுக்கு அதில் விலக்கு இருந்தது. உயர்மலைத் தொடர்களில் தேயிலைத் தோட்டம் அமைத்த வெள்ளையர்கள் 1928-இல் மூணாறில் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை உருவாக்கினர். இன்று வரையாடுகளுக்குப் புகழ்பெற்ற இரவிகுளம், அன்று தோட்ட முதலாளிகளின் வேட்டைக்களம். மலையின் மக்களான முதுவர்கள் அங்கே காவலாளர்கள். காடு மக்களுடையதாகவும் துப்பாக்கி துரைமாருடையதாகவும் இருந்தது. 1971-ஆம் ஆண்டின் கண்ணன் தேவன் மலை நிலமீட்புச் சட்டத்துக்குப் பின்னரே அந்நிலம் அரசின் கைக்கு வந்தது. 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது.

கேரளத்தின் வட எல்லையை அடுத்த குடகில் இன்னும் ஒரு விதிவிலக்கு உயிரோடு இருக்கிறது. குடவ இனத்தவரும் ஜம்மா நில உரிமையாளர்களும் உரிமம் இன்றியே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்ற காலனிக்கால விலக்கை ஒன்றிய அரசு 2019-இல் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. பிறப்பையும் நில உடைமையையும் வைத்தே துப்பாக்கியின் உரிமை வழங்கப்படுகிறது. அதே குடகின் காப்பித் தோட்டங்களில் வேலை செய்யும் யரவர், ஜேனு குருபர் முதலிய பழங்குடிக் கூலிகள் அந்த விலக்கில் இல்லை. விலங்கு பெரும்பாலும் வந்து மோதுவது அவர்கள்மீதே.

துப்பாக்கி என்பது மண்வெட்டியைப் போன்ற கருவி அல்ல. கிராமத்தில் பத்து வீட்டுக்கு ஒரு துப்பாக்கி என்றால் அந்தப் பத்தில் எந்த வீடு என்பது முன்பே தீர்மானிக்கப்பட்ட விஷயம். பன்றியை விரட்ட வந்த துப்பாக்கி பிறகு எதை விரட்டும், விறகு பொறுக்கச் செல்லும் பழங்குடிப் பெண்ணையா, கூலி உயர்வு கேட்டு வாசலில் நிற்கும் தொழிலாளியையா என்ற கேள்வியை நாம் எழுப்பாவிட்டால் வேறு யார் எழுப்புவார்கள்? 2022-இல் மூணாறு வட்டாரத்தில், கள்ளத் துப்பாக்கியுடன் வேட்டைக்குச் சென்ற குழுவில் இருந்த பழங்குடி இளைஞர் ஒருவர் குண்டடிபட்டு இறந்தார். உடன் சென்றவர்களே அவரைக் காட்டில் புதைத்தனர்.

கேரள அனுபவமும் அதன் எல்லையும்

காட்டுப்பன்றியை ஊறு விளைவிக்கும் விலங்காக அறிவிக்கக் கேரளம் பலமுறை ஒன்றிய அரசைக் கேட்டது. பீகாரிலும் உத்தராகண்டிலும் 2015, 2016-ஆம் ஆண்டுகளில் குறித்த காலத்துக்கு அப்படி அறிவித்த அதே ஒன்றிய அரசு, கேரளத்துக்கு மறுத்தது. கையிலிருந்த சட்ட வாய்ப்பைக் கொண்டு இடது ஜனநாயக முன்னணி அரசு 2022 மே மாதம் ஒரு வழி கண்டது. பஞ்சாயத்துத் தலைவர், நகராட்சித் தலைவர், மேயர் ஆகியோருக்குக் கௌரவ வனவிலங்குக் காப்பாளர் தகுதி அளித்து, பயிரை அழிக்கும் பன்றியைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிக்கு வழங்கியது. நஞ்சு, வெடிமருந்து, மின்சாரம் ஆகியவற்றைப் பயன்படுத்தத் தடை விதித்தது. 2024 மார்ச்சில் மனித-வனவிலங்கு மோதலை மாநிலப் பேரிடராகவும் அறிவித்தது. 2025 அக்டோபரில் சட்டமன்றம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாநிலத் திருத்தமும் நிறைவேற்றியது. அதிகாரத்தைத் தலைநகரிலிருந்து வார்டுக்கு இறக்கிய இந்த நடவடிக்கைகள் வரவேற்கத்தக்கவை.

ஆயினும் தோழமையுடன் ஒரு குறையைச் சுட்டிக்காட்ட வேண்டும். அதிகாரம் பஞ்சாயத்துக்கு வந்தது, துப்பாக்கி வரவில்லை. சுடுவதற்குப் பஞ்சாயத்து தேடுவது உரிமமும் சொந்தத் துப்பாக்கியும் உள்ள தனிநபரை. பன்றி ஒன்றுக்கு 1,000 ரூபாயாக இருந்த மதிப்பூதியம் 2025-இல் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதற்குள் துப்பாக்கியின் தேய்மானம், தோட்டா, வண்டி, உடன் வருவோர், கண்விழித்த இரவு அனைத்தும் அடக்கம். ஓர் இரவு முழுவதும் காத்திருந்து பன்றி வராவிட்டால் ஒன்றும் இல்லை. இது துண்டுவேலைக் கூலி. துண்டுவேலையின் அநீதியைத் தோட்டத் தொழிலாளிக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. இந்தத் தொகைக்கு யார் வருவார்? வேட்டையில் இன்பம் காண்பவரும், தொகை ஒரு பொருட்டல்லாத வசதி படைத்தவரும் வருவார்கள். அவர்களும் சாலையோர ரப்பர் தோட்டத்துக்கு வருவார்கள். ஜீப்பிலிருந்து இறங்கி இரண்டு மைல் நடக்க வேண்டிய குடியிருப்புக்கு எத்தனை முறை வருவார்கள்?

எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு வேறொரு வழியை அறிவித்துள்ளது. 2025 ஜனவரியில் வெளியான முடிவின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால், பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். அறிவிப்பு வேறு, அது தேனி, கோவை மாவட்டக் கிராமங்களில் வேர்பிடிப்பது வேறு. இதற்கான ஆளும் நிதியும் ஒதுக்கும்படி தமிழ்நாட்டிலும் நாம் போராட வேண்டியிருக்கும். ஆனால் கொள்கை அளவில் ஒன்று இதில் சரியாக உள்ளது. துப்பாக்கி அரசு ஊழியரின் கையில் இருக்கிறது, சுடுவது அவருடைய ஊதியப் பணி. விவசாயி எதையும் வாங்க வேண்டியதில்லை.

நாம் கேட்க வேண்டியது

“தோழரே, கோட்பாடு எல்லாம் சரி. இன்று இரவு பன்றி இறங்கினால் என்ன செய்வது? ஊருக்கு ஒரு துப்பாக்கியாவது வேண்டாமா?” என்று ஒரு விவசாயத் தோழர் கேட்டால், அதற்கு நேர்மையான பதில் வேண்டும். ஆம், ஊருக்கு ஒரு துப்பாக்கி வேண்டும். ஆனால் அது ஊருடையதாக இருக்க வேண்டும். வங்கிகளும் நிறுவனங்களும் தம் பெயரில் உரிமம் பெற்றுத் தம் காவலர்களின் கையில் துப்பாக்கி கொடுக்க விதிகள் இடம் தருகின்றன. பணப்பெட்டியைக் காக்க இயலும் ஏற்பாடு நெல்லையும் வாழையையும் காக்க ஏன் இயலாது?

எனவே நமது கோரிக்கைகளைப் பின்வருமாறு வகுக்கலாம்.

முதலாவதாக, வனத்தை ஒட்டிய ஒவ்வொரு பஞ்சாயத்திலும் பயிர்க்காவல் குழு அமைக்கப்பட வேண்டும். துப்பாக்கியும் தோட்டாவும் பொதுச் சொத்தாக இருந்து, பதிவேட்டுடன் பூட்டி வைக்கப்பட வேண்டும். குழுவினர் பயிற்சியும் மாத ஊதியமும் காப்பீடும் பெற வேண்டும். காட்டை அறிந்த முதுவர், இருளர், மன்னான் சமூக இளைஞர்களுக்கு அதில் முன்னுரிமை வேண்டும். அன்று துரைமாரின் வேட்டைக்களத்துக்குக் காவல் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் மக்களின் பயிருக்குக் காவல் நிற்கட்டும்.

இரண்டாவதாக, அந்தக் குழுக்களுக்கு ஆயுதத் தொழிற்சாலைகள் அடக்க விலையில் துப்பாக்கியும் தோட்டாவும் வழங்க வேண்டும். நியாய விலை என்ற சொல்லுக்கு இங்கே மட்டுமே பொருள் உண்டு. வாங்குவது பொது அமைப்பு, விற்பது பொதுத்துறை, கணக்கு மக்கள் முன் திறந்திருக்கிறது. தொழிற்சாலைகளை மீண்டும் அரசுத் துறையாக்க வேண்டும் என்ற தொழிலாளர் கோரிக்கையும் விவசாயிகளின் இந்தக் கோரிக்கையும் ஒரே மேடையில் ஒலிக்க வேண்டியவை.

மூன்றாவதாக, பயிர் இழப்பீடு பட்டயத்தைப் பார்த்து அல்ல, பயிரைப் பார்த்து வழங்கப்பட வேண்டும். வாய்மொழிக் குத்தகையாளரும் பெண்கள் குழுக்களும் வார்டு உறுப்பினரின் சான்றோடு அதைப் பெற வழி வேண்டும். இழப்பீடு அடுத்த விதைப்புக்கு முன் கைக்கு வர வேண்டும். வந்தால் மின்கம்பி இழுப்பதற்கான நிர்ப்பந்தம் பாதி குறையும்.

நான்காவதாக, விலங்கு ஏன் ஊருக்குள் வருகிறது என்ற கேள்வியை விட்டுவிடக் கூடாது. மூணாறு, வட்டவடை மலைகளில் சோலையும் புல்வெளியும் அழிக்கப்பட்டு யூகலிப்டசும் சீகை மரமும் நடப்பட்டன. நீர் வற்றியது, மேய்ச்சல் போனது. சின்னக்கானலில் யானை நடமாடும் பாதையிலேயே 301 பழங்குடிக் குடும்பங்களுக்கு நிலம் காட்டப்பட்டது. 2023-இல் அரிக்கொம்பன் யானையைப் பிடித்துப் பெரியாற்றில் விட்டார்கள். அது கம்பம் நகருக்குள் வந்தது. பிறகு களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டு செல்லப்பட்டது. காடும் விலங்கும் மாநில எல்லையை அறியா. பாதை இழந்த விலங்கை எந்தத் துப்பாக்கியாலும் வழிக்குக் கொண்டுவர முடியாது. பல மாவட்டங்களில் பரந்த காட்டைத் தோட்டமாக்கியவர்களின் லாபக் கணக்கில் இந்தச் செலவு எழுதப்படவே இல்லை. அதை இன்று சிறு விவசாயியின் கணக்கில் எழுதுகிறார்கள்.

மின்கம்பி வைப்பது குற்றம் என்பதையும் நம் கிளைகள் தயக்கமின்றிச் சொல்ல வேண்டும். கரிங்கரப்புள்ளியில் இறந்தவர்களும் உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளே. வாக்குக்காக இதில் வாய்மூடி இருப்பது கம்யூனிஸ்டுகளுக்கு அழகல்ல. அதே சமயம் கம்பி இழுத்தவரைச் சிறையில் தள்ளிவிட்டுக் கடமை முடிந்ததாக அரசு கைகழுவவும் விடக்கூடாது.

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். துப்பாக்கி வாங்கும் விவசாயிக்கு நியாய விலை கிடைக்கிறதா? கிடைக்கவில்லை. கிடைக்கவும் செய்யாது. அரசு செய்ய வேண்டிய காவலைத் தன் சொந்தப் பணத்தில் வாங்கும்படி ஒருவரைத் தள்ளினால், பத்து ரூபாய் என்றாலும் அது அநியாய விலையே. பள்ளிக்கூடம் இல்லாத ஊரில் தனியார் பள்ளிக் கட்டணம் நியாயமா என்று கேட்பதில்லை, பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்கிறோம். மருத்துவமனை இல்லாத மலையில் ஜீப் வாடகை நியாயமா என்று கேட்பதில்லை, மருத்துவமனை எங்கே என்று கேட்கிறோம். பயிர்க்காவலிலும் அதே கேள்வியைக் கேட்போம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வட்டவடை வரை ஒவ்வொரு கிளையும் தன் பஞ்சாயத்து அலுவலகத்தின் முன் சென்று இதைக் கேட்கட்டும்: துப்பாக்கி என்ன விலை என்பது இருக்கட்டும், எங்கள் காவல் எங்கே?